டெல்லியில் அடித்த மணி

ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைக்குத் திரும்பியபோது ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அங்க நாற்காலிய எடுத்து அடிச்சுக்கிருவாகளே, அப்ப நீங்க எங்க ஒளிஞ்சுக்கிருவீக?” என்பதுதான்.

சென்னையில், சட்டசபைச் செயலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஒத்திவைப்புத் தீர்மானத்தை எப்போது ஏற்கலாம், உரிமை மீறல் பிரச்சினையை யார் எழுப்பலாம், அவைக்குறிப்பிலிருந்து ஒரு சொல்லை நீக்க யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்திலும் சரி, விழித்திருக்கும்போதும் சரி, யாரும் கேட்கவில்லை. நாற்காலி பறந்தபோது எனக்கு அடிபட்டதா என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அடிபடவில்லை என்றேன். என் மதிப்பு அன்றோடு இறங்கிவிட்டது.

என்னை மதிக்காதவர்களில் முதலிடம் என் கொழுந்தியாளுக்கு. மனைவியின் தங்கை. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் இறந்தபின் அவர் விட்டுப்போன நிலத்தைத் தானே உழுது, தானே நட்டு, விளையாதபோது தானே வைதுகொண்டும் இருந்தாள். நிலம் ஊர்க் கண்மாய்க்குக் கீழே. கண்மாய் நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் அதில் ஆடு மேயும்.

பல வருஷமாக ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. மழையைக் குறை சொல்ல முடியாது. அது பெய்யத்தான் செய்தது. ஓடையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண் மேவி, சீமைக்கருவேலம் அடைத்து, கால்வாய் இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. தண்ணீர் வந்து பார்க்கும், வழியைக் காணாமல் அடுத்த ஊருக்குப் போய்விடும். அடுத்த ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் சத்தம் இவர்கள் ஊருக்குக் கேட்கும்.

அவளுடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். சோலார் தகடு பதிக்க நிலம் வாங்கும் தரகர் ஒருவர் அவனைப் பிடித்துவிட்டார். சுற்றிலும் பாதிப்பேர் கொடுத்தாகிவிட்டது. அவன் ஊருக்கு வந்து ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் மன்றாடினான். கடைசியில் அவள் ஒரு வார்த்தை கொடுத்தாள்: “இந்த மழைக்கும் கம்மா பெருகலேன்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன். பெருகிருச்சுன்னா அந்த ஆளு நம்ம வாசல்ல வந்து நிக்கக் கூடாது.” இது பாராளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு நடந்தது. மழைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அவள் என்னைத் தேடி அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸேறி வந்தாள். “அத்தான், டெல்லிக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க.”

“டெல்லிக்கு எதுக்கு? இது ஊராட்சி, ஒன்றியம், தாலுகா ஆபீஸ் சம்பந்தப்பட்ட விஷயம். தண்ணீரும் கண்மாயும் மாநிலப் பட்டியல்ல வரும். டெல்லிக்கும் உன் வரத்துக்காலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.”

அவள் பொறுமையாக எனக்கு விளக்கினாள். சின்ன எலெக்‌ஷனில் ஜெயிக்கிறவர் பஞ்சாயத்துத் தலைவர். நடு எலெக்‌ஷனில் ஜெயிக்கிறவர் எம்.எல்.ஏ. பெரிய எலெக்‌ஷனில் ஜெயிக்கிறவர் எம்.பி. எம்.பி. அதட்டினால் எம்.எல்.ஏ. நடுங்குவார், எம்.எல்.ஏ. அதட்டினால் தலைவர் நடுங்குவார். “போலீஸ் ஸ்டேசன்ல ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டரு இல்லையா? அந்த மாதிரி. தெருக்குழாய்க்கு ஏட்டு போதும். என்னோடது பெரிய பிரச்சினை. இன்ஸ்பெக்டருக்குத்தான் போகணும்.”

மூவரும் ஒருவருக்கொருவர் மேலதிகாரி இல்லை, மூன்றும் தனித்தனி அமைப்பு, தனித்தனி அதிகாரம் என்று நான் சொன்னேன்.

“அப்ப மூணு பேருக்கும் யாரு மேல?”

“நீதான். வாக்காளர்.”

சமையலறையிலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தியாள் சிரிக்கவில்லை. நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த மனு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மனுவை யார் கொடுப்பது என்பதில் அடுத்த சிக்கல் வந்தது. ஜெயித்த எம்.பி. நன்றி சொல்ல ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்கு முன்தினம், கண்மாய்க்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்களெல்லாம் வேப்பமரத்தடியில் கூடினார்கள். கொழுந்தியாள் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். கூட்டத்தின் ஒரே பொருள்: அவருக்கு ஓட்டுப் போட்டவர் யார்?

“ஏலே, அவருக்குப் போட்டவனெல்லாம் இந்தப் பக்கம் வாங்க” என்றார் ஒரு பெரியவர்.

கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்தது.

“எலே, நம்ம பூத்துல அவரு தோத்தது எனக்குத் தெரியாதாக்கும்? இம்புட்டுப் பேரும் போட்டிருந்தா எப்படிலே தோப்பாரு?”

“நான் மனசுல அவருக்குத்தான் போட்டேன். வெரலு தப்பிருச்சு.”

“ஒனக்கு வெரலு தப்பினது இது எத்தனாவது எலெக்‌ஷன்லே?”

நான் குறுக்கிட்டேன். வாக்கு ரகசியமானது, யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் வேண்டியதில்லை. தவிர, ஜெயித்துவிட்டால் அவர் தொகுதியில் உள்ள எல்லோருக்கும் உறுப்பினர். போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே உரிமைதான்.

பெரியவர் என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். “அதெப்படி சார்? மொய் எழுதாத வீட்டுல போயி பந்தியில உக்கார முடியுமா?”

கூட்டம் தலையாட்டியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டப் புத்தகத்தில் வாக்கு என்பது உரிமை என்று எழுதியிருக்கிறது. இங்கே அது மொய். விசேஷத்துக்குப் போய் மொய் வைத்தவனுக்குத் திரும்பக் கேட்க வாய் உண்டு. வைக்காதவன் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போக வேண்டும். இந்தக் கணக்கில் ஊரில் ஏறக்குறைய எல்லோருமே அடுத்த வீட்டு விசேஷத்தில் மொய் வைத்துவிட்டு இந்த வீட்டுப் பந்தியில் உட்காரப் பார்க்கிறவர்கள். கொழுந்தியாளும் அப்படித்தான். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போயி கேப்பேன்?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அப்போது பின்னால் நின்றிருந்த, பக்கத்து வீரசோழன் ஊர்க்காரரான பாய் கையைத் தூக்கினார். சவூதியில் பல வருஷம் இருந்து சம்பாதித்து, திரும்பி வந்து ஜே.சி.பி. வாங்கி ஓட்டுகிறவர். இதே கண்மாய்க்குக் கீழே அவருக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. “நான் எலெக்‌ஷனப்ப சவூதில, தம்மாம்ல மகன் வீட்டுல இருந்தேன். யாருக்குமே போடல.”

கூட்டம் விலகி அவரை முன்னால் விட்டது. பிறகு பெரியவர் சொன்னார்: “அப்ப நீங்க அவருக்கும் வைக்கல, எதிராளிக்கும் வைக்கல. கை சுத்தம் பாய். நீங்கதான் போகணும்.”

இப்படியாக, அந்தத் தேர்தலில் வாக்களிக்காத ஒரே மனிதர் வாக்காளர்களின் பிரதிநிதியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என் பணிக்காலத்தில் எத்தனையோ தேர்வுகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு தவறான காரணத்துக்காக நடந்த தேர்வை வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள், ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் எம்.பி.யின் திறந்த ஜீப் நின்றது. பொன்னாடை, மாலை, வெடி. பாய் மனுவைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். எம்.பி. நல்ல மனிதர்தான். வெயிலில் நின்றுகொண்டே காது கொடுத்துக் கேட்டார். “அண்ணே, கண்டிப்பா பாராளுமன்றத்துல பேசுறேன்” என்றார்.

நான் பாயின் காதில், “கலெக்டருக்கு ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க, அது போதும்” என்றேன். அது ஒன்றுதான் உருப்படியாக நடந்திருக்கக்கூடிய காரியம்.

“டெல்லியில பேசுறேங்கிறாரு, லெட்டர் போடுங்கன்னு சொல்லி அவரைச் சின்ன ஆளாக்கச் சொல்றீகளா சார்?” என்று பாய் என்னையே கடிந்துகொண்டார். ஜீப் நகர்ந்துவிட்டது.

ஆனால் சொன்னபடி எம்.பி. பேசினார். அதற்காக அவரை நான் பாராட்டுகிறேன். பேசுவதாகச் சொன்ன எத்தனையோ பேர் சபைக்கு வந்து தூங்கியதை நான் அதிகாரிகள் மாடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பேசிய வீடியோ ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தது. கொழுந்தியாள் போனைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸேறி அருப்புக்கோட்டை வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

மக்களவையில் நேரமில்லா நேரம், அதாவது ஜீரோ அவர். எம்.பி. கையில் தாளை வைத்துக்கொண்டு வேகவேகமாகப் படித்தார். ரயில் நின்று செல்ல வேண்டும், பயிர்க் காப்பீடு, நாற்கர சாலை, மிளகாய்க்கு விலை. மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வாக்கியம்: வரத்துக்கால் அடைபட்டு வறண்டு கிடக்கும் கண்மாய்கள். அதில் நாலு ஊர்ப் பெயர். மூன்றாவது பெயர் கொழுந்தியாளின் ஊர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. நாலாவது பெயரில் இன்னொரு மணி. மைக் நின்றது. எம்.பி.யின் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது. அடுத்த உறுப்பினரை அழைத்தார்கள். இவர் உட்கார்ந்தார்.

“மணி அடிச்சாக, பாத்தீகளா?”

“பார்த்தேன்.”

“நம்ம ஊருப் பேரச் சொன்னதும் அடிச்சாக. ரெண்டு தடவ.”

“நேரம் முடிஞ்சுது, உட்காருன்னு அர்த்தம்.”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “உக்காருன்னு சொல்றதுக்கு யாராச்சும் மணி அடிப்பாகளா அத்தான்? கோயில்ல எப்ப அடிப்பாக? சாமி கேட்டுக்கிருச்சுன்னுதான?”

“அது கோயில். இது சபை.”

“மைக்கு நின்னதுக்கப்புறமும் பேசிக்கிட்டே இருக்காரே, அது?”

“அது எல்லாரும் செய்றதுதான்.”

“வெளிய கேக்கக் கூடாததப் பேசுறாரு. மந்திரிகிட்ட.”

நான் அவளை உட்காரவைத்து, ஒரு உறுப்பினருக்கு எத்தனை நிமிஷம், யார் மணியடிக்கிறார், மைக்கை யார் நிறுத்துகிறார், இப்படிப் பேசியதற்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்பதையெல்லாம் விளக்கினேன். அவள் காபியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டாள்.

“நீங்க மெட்ராஸ் சபையில இருந்தவுக. இது டெல்லி. அங்க மணிக்கு என்ன அர்த்தமோ, நமக்கென்ன தெரியும்?”

“ரெண்டு இடத்துலயும் ஒரே அர்த்தம்தான்.”

“சரி, மெட்ராஸ்ல மணி அடிச்சா என்ன நடக்கும்?”

“ஒண்ணும் நடக்காது.”

“அதத்தான் சொல்றேன். மெட்ராஸ்ல நடக்காது.”

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அவ கேக்குறது சரியாத்தான இருக்கு” என்றாள். எங்கள் வீட்டில் நான் எப்போதுமே சிறுபான்மை அரசு.

நான் விடவில்லை. முறைப்படி செய்துகாட்டுவது என்று முடிவெடுத்தேன். ஆகஸ்ட் பதினைந்து, கொழுந்தியாளின் ஊரில் கிராம சபை. ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். இந்த நாட்டில் ஒரு சாதாரண மனிதன் தேர்தலில் நிற்காமல், ஜெயிக்காமல் உறுப்பினராக இருக்கும் சபை அது ஒன்றுதான். அதனாலேயே அதற்கு யாரும் போவதில்லை. நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களை அப்படியே கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கி, மிட்டாய் கொடுத்தார்கள். பாதிப்பேர் அது வேலைக்கான வருகைக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டார்கள்.

தலைவர், “யாருக்காச்சும் குறை இருக்கா?” என்று கேட்டதும் ஒருவர் எழுந்து சமையல் கேஸ் விலையை உடனே குறைக்க வேண்டும் என்றார். இன்னொருவர் இலங்கைக் கடற்படையைக் கண்டித்தார். அந்த ஊரிலிருந்து கடல் பல மைல். தலைவர் இரண்டையும் கவனிப்பதாக வாக்களித்தார். ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி பத்தடி தள்ளி ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எம்.எல்.ஏ. பார்க்க வேண்டியது என்று என் பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்.

வரத்துக்காலைத் தூர்வாரக் கோரும் தீர்மானத்தை நான் சுத்தமாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லாததால் தலைவரிடம் அனுமதி கேட்டு வாசித்தேன். கொழுந்தியாளே எழுந்து எதிர்த்தாள்.

“டெல்லியில மணி அடிச்சதுக்கப்புறம் இங்க தீர்மானம் போட்டா, அவுகள நம்பலேன்னு ஆயிராதா?”

கூட்டத்துக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. அரைமணி நேரம் மன்றாடி, “டெல்லிக்கு நன்றி தெரிவித்து” என்று தலைப்பில் சேர்த்த பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

அது போன பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊராட்சி அதை ஒன்றியத்துக்கு அனுப்பியது. கண்மாய் எங்களுடையது, கால்வாய் எங்களுடையதல்ல என்று ஒன்றியம் தாலுகா ஆபீசுக்கு அனுப்பியது. கால்வாய் அரசு நிலம்தான், ஆனால் அது அடைபட்டிருப்பதாக எங்கள் பதிவில் இல்லை என்று தாலுகா ஆபீஸ் சொன்னது. ஒவ்வொரு வாரமும் தாலுகா ஆபீஸ் இருக்கும் திருச்சுழிக்கு பஸ்ஸேறிப் போய்க் கேட்டேன். கடைசியாக, “பரிசீலனையில் உள்ளது சார்” என்றார்கள். அந்தச் சொல்லோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். ஆயிரக்கணக்கான பதில்களில் அது என் மேஜையைக் கடந்து போயிருக்கிறது. அது எதிர்ப்பக்கமிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் முடிந்தது. டெல்லியிலிருந்து யாரும் வரவில்லை. மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. திருப்பூர் மகன், தரகர் தீபாவளிக்குப் பத்திரத்தோடு வருகிறார் என்று போனில் சொன்னான். இனியாவது அவளுக்குத் தெளிவு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் அது நான் நினைத்த தெளிவல்ல.

“தப்பு நம்ம மேலதான் அத்தான். உத்தரவு வந்துருச்சு. வேலையும் அவுகளே வந்து செய்யணுமா? சாமி வரம் குடுத்தா பொங்கப் பானைய நாமதான தூக்கணும்?”

அவளே வீடு வீடாகப் போய் டீசலுக்கு ஏற்பாடு செய்தாள். பாய் ஜே.சி.பி.யைக் கொண்டுவரச் சம்மதித்தார். சாதாரணமாகச் சம்மதிக்க மாட்டார். எங்கள் பக்கம் கண்மாயிலோ ஓடையிலோ அனுமதியில்லாமல் ஜே.சி.பி. இறங்கினால் மண் திருட்டு என்று வழக்குப் போட்டு வண்டியைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த வண்டி தாலுகா ஆபீஸ் வளாகத்தில் கொடி படர்ந்து கிடக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். “இது டெல்லி ஆர்டரு சார், எவன் தொடுவான்?” என்றார். விலக்கில் பேனர் கட்டினார்கள். எம்.பி. கும்பிட்டபடி நிற்க, அவர் தலைக்கு மேல் பெரிதாக ஒரு மணி வரைந்திருந்தது.

நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. வண்டி பிடிபட்டால் பேசுவதற்காவது ஒரு ஆள் வேண்டுமே என்று காலை முதல் பஸ்ஸிலேயே போய் நின்றேன்.

கருவேல மரங்கள் வேரோடு சாய்ந்தன. மண்ணுக்கடியிலிருந்து பழைய கரையின் கல் வரிசை தெரிய ஆரம்பித்தபோது கொழுந்தியாள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் பாதிக் கால்வாய் திறந்துவிட்டது. அப்போதுதான் ஜீப் வந்தது. வருவாய் ஆய்வாளர் இறங்கினார். இளைஞர். முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

“யார் பெர்மிஷன் குடுத்தது? வண்டிய ஆஃப் பண்ணுங்க. சாவியக் குடுங்க.”

பாய் சாவிக்குப் பதிலாக போனைக் கொடுத்தார். ஆய்வாளர் வீடியோவைப் பார்த்தார். பின்னுக்குத் தள்ளி மறுபடியும் பார்த்தார்.

“பாராளுமன்றத்துலயா பேசியிருக்காங்க?”

“மணி அடிச்சத விட்டுட்டீகளே” என்றாள் கொழுந்தியாள்.

அவர் ஓரமாகப் போய் மேலே யாருக்கோ போன் செய்தார். மறுமுனையில் சொன்னது எங்களுக்கே கேட்டது: “டெல்லி விஷயமா? பாத்துச் செய்யுங்க.” நிர்வாகத்தில் இதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் கிடையாது. செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம், செய்யாதே என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அதன் முழுப்பொருள்.

ஆய்வாளர் திரும்பி வந்து போனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தியாள் என்னைக் கை காட்டினாள்.

“எங்க அத்தான் சட்டசபையிலயே இருந்தவுக. எல்லாச் சட்டமும் தெரியும். அவுககிட்டயே கேளுங்க.”

அவள் வாயால் என்னை இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“சார், நீங்களே சொல்லுங்க. இது உத்தரவுதானா?”

இதற்குச் சரியான பதில் ‘இல்லை’. ஒரே சொல். அதை நான் இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அன்று சொன்னால் வண்டி திருச்சுழிக்குப் போகும், கால்வாய் பாதியில் நிற்கும், தண்ணீர் பாதி வழி வந்து அடுத்த ஊருக்குத் திரும்பும், தீபாவளிக்குத் தரகர் பத்திரத்தோடு வந்து உட்காருவார். கொழுந்தியாள் ஜே.சி.பி.யின் வாளியில் ஒரு கையை ஊன்றி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் சந்தேகமே இல்லாதவளாக நின்றுகொண்டிருந்தாள்.

என் மேஜையைக் கடந்து போன பதில்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒன்றுகூடப் பதிலும் இல்லை.

“இந்த ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் குறித்து மாண்புமிகு உறுப்பினர் பாராளுமன்றத்தில் பேசியிருக்கிறார்” என்றேன்.

“அது தெரியுது சார்.”

“அவர் பேசியது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.”

“ஓ.”

“பேசியபோது எந்தக் கட்சியும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.” அவையில் அப்போது இருந்தவர்கள் சொற்பம். அதை அவர் கேட்கவில்லை.

“அந்த மணி சார்?”

“மணி அடிக்கப்பட்டது. இரண்டு முறை.”

ஆய்வாளர் தன்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அப்ப நான் தடுத்தா எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா சார்?”

“அது யூகத்தின் அடிப்படையிலான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்ல இயலாது.”

பிறகு, முறை தெரிந்தவன் என்ற முறையில், மண்ணை வெளியே எடுத்துப் போகாமல் கரையிலேயே போடுவதாகவும், வெட்டிய மரத்தை அரசு ஏலம் விடும்வரை ஓரமாக அடுக்கி வைப்பதாகவும் ஊர் சார்பில் எழுதித் தரச் சொன்னேன். மண் போகாதபோது மண் திருட்டு ஏது? ஆய்வாளருக்கு அந்தத் தாள் பெரிய ஆறுதலாக இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு, நரிக்குடியில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். ஜீப் மறையும்வரை யாரும் அசையவில்லை. பிறகு பாய் சாவியைத் திருப்பினார்.

அந்த மழை நன்றாகவே பெய்தது. ஓடையில் வந்த தண்ணீர் பழைய வழியைக் கண்டுபிடித்துத் திரும்பியது. கண்மாய் பெருகியது; மறுகால் பாயும் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு போகத்துக்குக் காணும். நான் போய்ப் பார்த்தபோது ஊரே கரையில் நின்றது. என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. எம்.பி.க்கு ஊர் சார்பில் பாராட்டு விழா எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு மொய் வைக்கப்போவதாக எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நான் எழுதிய தீர்மானம் இன்னும் பரிசீலனையில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

கொழுந்தியாள் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அத்தான், அந்த மணிய அடிச்சது யாரு? எம்.பி.யா?”

“இல்ல. சபைய நடத்துறவர். சபாநாயகர் இடத்துல இருந்தவர்.”

“அவுக எந்த ஊரு? அவுகளுக்கு நாம ஓட்டுப் போட முடியாதா?”

“முடியாது. வடக்க ஏதோ ஒரு தொகுதி.”

அவள் தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஒரு மொய்யும் வாங்காம, முன்னப்பின்ன தெரியாத ஊருக்கு ரெண்டு தடவ அடிச்சிருக்காரே, மகராசன்.”

திருத்துவதற்கு வாய் திறந்தேன். “மகராசன்தான்” என்றுதான் வந்தது.

தீபாவளிக்கு மகன் வந்தான். அம்மா போட்ட நிபந்தனை தெரிந்தும் கூடவே தரகரையும் அழைத்து வந்திருந்தான். நானும் மனைவியும் அங்கே இருந்தோம். வயலில் நாற்று தலையெடுத்திருந்தது. தரகர் சளைத்தவரல்ல. இந்த ஒரு வருஷத் தண்ணியை நம்பாதீர்கள், சோலார் என்பது அரசாங்கத் திட்டம் மாதிரி, இன்றில்லாவிட்டாலும் நாளைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பயம் காட்டினார். மகன் என் முகத்தைப் பார்த்தான். தனியார் கம்பெனி கட்டாயப்படுத்தி வாங்க முடியாது, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் கொழுந்தியாள் அவருக்கு முறுக்குத் தட்டை நகர்த்திவைத்துச் சொன்னாள்:

“அரசாங்கத் திட்டமாய்யா? நல்லது. டெல்லியில போயி என் நெலத்தோட பேரச் சொல்லி மணி அடிச்சிட்டு வரச் சொல்லுங்க. ரெண்டு தடவ. எங்க அத்தான் பாத்துச் சரின்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

தரகர் என்னைப் பார்த்தார். “அப்படி ஏதும் ரூல்ஸ் இருக்கா சார்?”

“அதை மறுக்கும் தகவல் எதுவும் என்னிடம் இல்லை” என்று சொல்லிவிட்டு நானும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன்.